சாயக்காரன் மோந்து பார்த்த வினிகர்

ஐயம்பேட்டையில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன் நான். சாயம் நூலில் பிடிக்க ஆசிட் ஊற்ற வேண்டும். கேனிலிருந்து நேராகக் கையில் பட்டால் தோல் உரியும். நாற்பது வருஷத்தில் என் விரல்கள் மரத்துப் போய்விட்டன.

இரண்டு வருஷத்துக்கு முன் நர்ஸ் கிரேஸ் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருமுன்னே கண்டுபிடிக்கிறார்களாம். வினிகரைத் தொட்டு வைத்தால் கெட்ட இடம் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். பெரிய மெஷின் வேண்டாம், காசும் வேண்டாம். ஓசியில் எவன் எதைச் செய்வான்? என் சம்சாரம் கங்கையம்மாள் வரிசையில் நின்றிருந்தாள். நான் போய் பாட்டிலை வாங்கி மோந்தேன். என் கேனில் அடிக்கிற அதே வாடை.

"இது சாயப்பட்டறை ஆசிட்டுமா. இதையா பொம்பளைங்களுக்கு உள்ள வெப்பே?"

"ஐயா, அதேதான். ஆனா ஊறுகாயில ஊத்துற அளவுக்குத் தண்ணி கலந்தது. சுடாது."

"ஆசிட்டப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

கங்கையம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். சாயக்காரனுக்குத் தெரியாததா என்று இன்னும் நாலு பெண்கள் வரிசையை விட்டு வந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் கங்கையம்மாளுக்கு விட்டு விட்டு உதிரம் போயிருக்கிறது. தீட்டு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் அரக்குச் சாயம் போடுகிற நாளாகப் பார்த்து, அந்தத் தண்ணீர் ஓடும் கால்வாயில் துணியை அலசியிருக்கிறாள். அந்தச் சிவப்பில் நான் எதைக் கண்டேன்? மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. புற்றுநோய் மூத்திரப்பை வரைக்கும் பரவிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போன வாரம் கிரேஸ் மறுபடி முகாம் போட வந்தாள். படுத்தபடியே கங்கையம்மாள் சொன்னாள்: "அன்னிக்கி உன் பின்னால வந்துச்சிங்களே நாலு பேரு, நீயே போய் சொல்லுயா."

கிரேஸிடம் ஒரு மூடி வினிகர் வாங்கிக்கொண்டு போனேன். மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நாலாவது வீட்டு அம்சா வாசலில் நின்று சிரித்தாள்.

"நீதானே மாமா ஆசிட்டுன்னே? இப்ப நர்ஸம்மா உனக்கு இன்னா குடுத்துச்சு?"

விரலை முக்கிக் காட்டினேன்.

"அது மரத்த கை. கொதிக்கிற தண்ணியில வெச்சாலும் சிரிச்சிக்கினு நிப்பே."

அவளே தன் விரலை வைத்தாள். எரிகிறதா என்று பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முகாமில் அம்சாவுக்கு வெள்ளை தெரிந்தது. பக்கத்து அறையிலேயே சூடு வைத்து அந்த இடத்தைத் தீய்த்தார்கள். அரை மணி நேரத்தில் நடந்தே வீட்டுக்குப் போனாள். அரை மணி நேரம்.

"எத்தினி பேரு வந்தாங்க?" என்றாள் கங்கையம்மாள்.

"அம்சா மட்டும்."

"நாளைக்கும் முகாம் இருக்குதா?"

"இருக்குது."

"மத்த மூணு பேரையும் இங்க கூட்டியா. என்னைப் பாக்கட்டும்."

துணியைக்கூட மறைத்து அலசியவள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.