உள்ளே போய்ப் பார்த்து வா

"கழுத்தாண்ட கருப்பா கீதான்னு பாரு. தாடைல முடி எடுத்த தடம் இருந்தா வுடாத," என்று அக்தர் பேகம் மகள் ரிஃபானாவின் காதில் கிசுகிசுத்தாள். அதோடு நிற்காமல் முழங்கையால் விலாவில் ஓர் இடியும் கொடுத்தாள். எதிரே சமோசாத் தட்டோடு நின்ற பெண்ணின் அம்மா, என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் பொதுவாகச் சிரித்து வைத்தாள்.

ரிஃபானாவின் தம்பி ஃபர்தீனுக்குக் கோவளத்தில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஆண்கள் அப்புறம் வருவார்கள். முதலில் பெண்கள் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். செங்கல்பட்டிலிருந்து அக்தர் பேகம், அவள் மகள் ரிஃபானா, கூடவே ரிஃபானாவின் மாமியார். சம்பந்தியை விட்டுவிட்டு வந்தால் நாளைக்குப் பேச்சு வருமே!

இப்போதெல்லாம் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா, ஓதத் தெரியுமா என்று கேட்டால் போதாது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பதும் தெரிந்தாக வேண்டும். அதைக் கூடத்தில் வைத்துக் கேட்க வெட்கம். அதனால் மாப்பிள்ளையின் அக்கா 'சும்மா பேசிக்கினு இருக்கலாம் வா' என்று பெண்ணை உள்ளறைக்கு அழைத்துப் போய்த் துருவிவிட்டு வருவாள்.

அந்த வேலைக்கு ரிஃபானாவை விட்டால் ஆள் கிடையாது. ஏனென்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட்டு, கழுத்தைக் கருக்கவைத்து, தாடையில் முடி முளைக்கவைக்கும் அந்த நீர்க்கட்டி அவளுக்கே உண்டு. காலேஜில் படிக்கும்போதே டாக்டர் சொல்லிவிட்டார். நிக்காஹ் பேசியபோது ஸ்கேன் படத்தைக் கிழித்துப் போட்டவள் அக்தர் பேகம்தான். "மாமியார் கிட்ட மூச்சு வுடாத" என்றாள், ரிஃபானாவும் விடவில்லை. மாத்திரையை நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்துவைத்து, குளியலறையில் குழாய்த் தண்ணீரில் விழுங்கினாள். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மருமகள் விடிந்தும் விடியாமல் எங்கே போகிறாள் என்று கேட்பார்களே என்று அதையும் விட்டுவிட்டாள். உடம்பு ஏறியது. "நம்ம வூட்டு சாப்பாடு ஒத்துக்கினு கீது," என்று மாமியார் சந்தோஷப்பட்டார்.

போன நோன்புக்கு முன்னால் மதுராந்தகத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். பவுடருக்கு அடியில் நூல் வைத்து முடி எடுத்த சிவப்பை ரிஃபானா ஒரே பார்வையில் கண்டுகொண்டாள். தன் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பவளுக்கு அது தெரியாதா? வண்டியில் ஏறியதும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நிறம் கம்மி என்று காரணம் காட்டிச் சம்பந்தத்தை முறித்தார்கள். விடைபெறும்போது அந்தப் பெண், "மறுபடி வாங்க அக்கா," என்று கையைப் பிடித்திருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் ரிஃபானாவுக்குச் சோறு இறங்குவதில்லை. தன் வியாதியை வைத்தே இன்னொருத்தியைக் காட்டிக்கொடுத்தவள் மனுஷியா?

உள்ளறையில் பெண் கட்டிலில் உட்கார்ந்தாள். ஹனியா என்று பெயர்.

"கேளுங்க அக்கா. எதுக்குக் கூட்டினு வந்தீங்கன்னு தெரியும்," என்று அவளே ஆரம்பித்தாள். "எனக்கு பிசிஓடி, அதான் நீர்க்கட்டி, கீது. மாத்திரை போடறேன். காலைல பீச்சாண்ட நடக்கறேன். சோத்தக் கொறச்சிட்டேன். முன்னாடி மாசக்கணக்கா வராது. இப்ப பரவால்ல."

மாத்திரை அட்டை மேசைமேல், சீப்புக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது. ரிஃபானா விழுங்கும் அதே மாத்திரை.

"இத வெளிய சொல்லாதம்மா," என்றாள் ரிஃபானா அவசரமாக. "நானும் சொல்ல மாட்டேன். நிக்காஹ் முடியட்டும்."

"முடிஞ்சப்புறம்?"

"மறைவா போட்டுக்க."

"நான் இன்னா திருடிட்டேன் மறைக்கறதுக்கு?"

ஹனியா கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ரிஃபானாவுக்கு முகம் வெந்தது. திருடியது யார் என்று அவளுக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கும் மதுராந்தகத்துக் கதிதான். பொய் சொன்னால் இவளும் குளியலறைக் குழாய்த் தண்ணீருக்கு வந்துவிடுவாள். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதில் போனால் தன் குடித்தனமே ஆட்டம் காணும்.

கூடத்துக்கு வந்தாள். அக்தர் பேகம் புருவத்தை உயர்த்தி ஜாடையாகக் கேட்டாள்.

"கீதும்மா," என்றாள் ரிஃபானா வாய்விட்டு. "நீர்க்கட்டி. எனக்கு இருக்கறதேதான் அவளுக்கும்."

அக்தர் பேகத்தின் முகம் செத்துப்போயிற்று. "வெளையாட்டுக்குச் சொல்றா சம்பந்தி..."

"வெளையாட்டு இல்ல மாமி. நிக்காஹ்வுக்கு முன்னாடியே இருந்திச்சி. தெரிஞ்சேதான் மறைச்சோம். மன்னிச்சிடுங்க."

மாமியார் பாதாம் பால் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒன்ன பாக்க வந்தப்ப நான் யாரையும் உள்ள அனுப்பிக் கேக்கல, இல்ல?"

"இல்ல மாமி."

"கேட்டிருந்தா வேணாம்னு எந்திரிச்சி வந்திருப்பேன்." ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவர் அவர். "மீதிய வூட்ல பேசிக்கலாம்."

வீட்டில் என்ன நடக்கும், கணவன் என்ன சொல்வான் என்று ரிஃபானாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெற மனம் வரவில்லை.

அக்தர் பேகம் புர்காவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "எந்திரி, போலாம். பொண்ணதான் பாத்தாச்சே!"

உள்ளறை வாசலில் ஹனியா வந்து நின்றிருந்தாள். ரிஃபானா உட்கார்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.

"நீ போம்மா," என்றாள் தன் தாயிடம். "நான் இன்னும் பொண்ணப் பாக்கல."