மயிலாடும்பாறை ரேடியோவின் வால்வு

ராஜமணி ஊராட்சி ஒன்றியத்தில் ரேடியோ மெக்கானிக். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மலையடிவாரத்தில் சிதறிக் கிடந்த, ஊர் கூடிக் கேட்கும் இருபத்தாறு பஞ்சாயத்து ரேடியோக்களுக்கு அவன்தான் வைத்தியன். வீடு தேனி பங்களாமேட்டில். வாரத்தில் ஆறு நாள் தோல்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும், பஸ் போகாத ஊருக்கு வாடகை சைக்கிளிலுமாக அலைவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டு எழுந்தானென்றால், பொழுது சாயும்வரை பின்னறையை விட்டு வெளியே வரமாட்டான்.

அந்த அறையில்தான் அவனுடைய இயந்திரம் நின்றது. இரண்டு பீரோக்களைச் சேர்த்து வைத்தாற்போன்ற உருவம். உள்ளே அடுக்கடுக்காக, ரேடியோவில் சூடாகி ஒளிருமே அந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகள் நூற்றுக்கணக்கில். மதுரையில் ஒரு பெரிய மில் ஆபீஸில், ஓட்டை போட்ட அட்டைகளைத் தின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பழைய எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் அது. புதுசு வந்ததும் கழித்துக் கட்டிவிட்டார்கள். அறுபத்தொன்பதில் தேனிப் பழைய இரும்புக் கடையில், செம்புக் கம்பிக்காக அதைப் பிரிக்க ஆளும் சுத்தியலும் தயாராக இருந்த வேளையில் ராஜமணி அந்தப் பக்கம் போனான். தன் சொந்த சைக்கிளைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அது பாடுமா என்று மனைவி கிருபாவதி கேட்டாள். பாடாது, கூட்டும் என்றான். "கூட்டுறதுக்குத்தான் வீட்டுல நான் ஒருத்தி இருக்கேனே" என்றாள் அவள்.

உள்ளே எலிக்கூடு மூன்று இருந்தது. கம்பிகளின் உறையை எலி தின்றிருந்தது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொல்ல ஒரு படமோ புத்தகமோ இல்லை. ராஜமணி ஒவ்வொரு கம்பியாக விரலால் தடவிப் பின்தொடர்ந்து நோட்டில் வரைந்தான். ஐந்து நோட்டு நிறைந்தது. வால்வு பொருத்திய பலகைகளை ஒன்றொன்றாக உருவி, ஸ்பிரிட்டில் கழுவி, உளுத்துப்போனவற்றை மாற்றினான். மாலையானால் தோட்டங்களில் பம்புசெட் ஓடி மின்சாரம் இளைத்துப்போகும். அதற்காக ஒரு டிரான்ஸ்பார்மரையே சொந்தமாகச் சுற்றினான். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பலகையை உருவுவான். இருபது வருஷத்துக்கு முன்னால் எவனோ உட்கார்ந்து யோசித்த யோசனை அந்தக் கம்பிகளுக்குள் செத்துக் கிடக்கிறது, அதை எழுப்ப வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

எழுபத்தொன்று கார்த்திகையில் அது முக்கால்வாசி எழுந்துவிட்டது. எழுந்தது ஐந்து இலக்க எண்களைக் கூட்டும் பகுதி. இலக்கத்துக்கு நான்காகச் சின்னச் சிவப்பு விளக்குகள். அவற்றின் மதிப்பு எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. எரிகிற விளக்குகளின் மதிப்பைச் சேர்த்தால் அந்த இலக்கம். ஒன்றாம் இடமும் பத்தாம் இடமும் பிசகில்லாமல் ஓடின. நூறாம் இடம்தான் ஊமை. தொண்ணூற்றொன்பதோடு ஒன்றைக் கூட்டினால் நூறு வராது, எல்லா விளக்கும் அணைந்துபோகும். அங்கே ஒரு வால்வு செத்திருந்தது. அந்த ரகம் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையிலும் கிடைக்கவில்லை. பாகிஸ்தானோடு யுத்தம் வரப்போகிறது, வெளிநாட்டுச் சரக்கு வரத்தில்லை என்று கையை விரித்தார்கள்.

அதே ரகத்து வால்வு ஒன்று மயிலாடும்பாறை பஞ்சாயத்து ரேடியோவில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். போன வருஷம் மாட்டியவனே அவன்தான்.

அந்தச் சனிக்கிழமை மயிலாடும்பாறையில் அவன் முறை. ரேடியோவைப் போட்டு நிறுத்துகிற கர்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போயிருந்தான். பெட்டி நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. ராஜமணி அதை நிறுத்தி, பின்பலகையைத் திறந்து, வால்வு சூடு ஆறும்வரை காத்திருந்து, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். இரண்டு நாள்தான், திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். பெட்டியோடு இருக்கும் பதிவு நோட்டில், "வால்வு பழுது. மாற்று வால்வுக்கு எழுதப்பட்டுள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பதினொரு வருஷ உத்தியோகத்தில் அவன் எழுதிய முதல் பொய் அது. ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தான். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு அதுதான் உறுத்தியது.

மறுநாள் மத்தியானம் வால்வை மாட்டினான். தொண்ணூற்றொன்பதைப் போட்டு, ஒன்றைக் கூட்டினான். நூறாம் இடத்தில் ஒற்றை விளக்கு சிவப்பாக எரிந்தது. கிருபாவதியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் வெங்காயம் உரித்த கையோடு வந்து, நாலைந்து கணக்கு தானே சொல்லிப் பார்த்து, விரல்விட்டுச் சரிபார்த்து, "நெசமாத்தான் போடுது" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அவன் அதுவரை பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வால்வைக் கழற்ற உட்கார்ந்தான். மனசு வரவில்லை. மதுரைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் பலவேசம் என்பவரோடு அவனுக்கு ஒரு வருஷமாகக் கடிதப் பழக்கம். சந்தேகம் கேட்டு எழுதுவான், அவர் விளக்கி எழுதுவார். புதன்கிழமை போடிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருவதாகவும், அப்படியே அவன் வீட்டுக்கும் வருவதாகவும் எழுதியிருந்தார். அவர் ஒரு பார்வை பார்த்துவிடட்டும் என்று தள்ளிப்போட்டான். புதன்கிழமை அவர் வந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது அவன் தோளைத் தட்டி, எங்கள் கல்லூரியில் ஒருவனாலும் இது முடியாது என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தோம் என்று ராஜமணிக்கே அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் மயிலாடும்பாறைக்குப் போய் வால்வை மாட்டினான். பெட்டி பாடத் தொடங்கியதும், ரேடியோ அறை வாசலில் உட்கார்ந்திருந்த கர்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரெண்டு நாளைக்கு முந்தி வந்திருக்கக் கூடாதாண்ணே" என்றான்.

நடந்ததைக் கர்ணன் சொன்னான். அந்த ஊர்ச் சங்கிலியம்மாளின் மகன் அழகுமலை பட்டாளத்தில் இருந்தான். எல்லையில் இருக்கும் தமிழ்ச் சிப்பாய்களின் பேச்சைப் பதிவு செய்து போயிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறேகாலுக்கு வானொலியில் என் குரல் வரும், கேளுங்கள் என்று வீட்டுக்கு எழுதியிருந்தான். கடிதம் செவ்வாய் மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. சங்கிலியம்மாள் தலை முழுகி, வெளுத்த சேலை கட்டி, ஐந்து மணிக்கே வந்து ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. சனிக்கிழமையிலிருந்து ஊமையாகக் கிடந்த பெட்டி அன்றைக்காவது வாய் திறக்கும் என்று நம்பினார்கள், அது முனகக்கூட இல்லை. கர்ணன் தட்டிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான். வீட்டில் ரேடியோ வைத்திருந்த ஒரே ஆளான அரிசி மில்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சின்னமனூருக்குப் போயிருந்தார். அங்குள்ள ரேடியோவிலாவது கேட்டுவந்து சொல்லலாம் என்று ஒருவன் சைக்கிளில் கடமலைக்குண்டுக்குப் பறந்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஆறரை மணிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கர்ணன் சொல்லி முடிப்பதற்குள் சங்கிலியம்மாளே வந்துவிட்டாள். பாட்டுச் சத்தம் கேட்டு, களையெடுத்த சேற்றுக் காலோடு ஓடி வந்திருந்தாள்.

"சரி பண்ணிட்டீங்களா தம்பி? நல்லா இருப்பீக" என்றாள். அப்புறம் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அன்னைக்கு அவன் பேசுனது இதுக்குள்ள தங்கியிருக்காதா? திருப்பிப் போட்டாக் கேக்காதா?"

இது தங்குகிற பெட்டி இல்லை, காற்றில் வருவதை அந்த நேரத்துக்குச் சொல்லிவிட்டுப் போகிற பெட்டி என்று ராஜமணி விளக்கினான். சரி, இன்னொரு தடவை பேசாமலா போய்விடுவான் என்று சொல்லிக்கொண்டே அவள் மறுபடி வயலுக்குப் போனாள். அவன் பதிவு நோட்டை எடுத்து, "வால்வு மாற்றப்பட்டது" என்று எழுதினான். அது இரண்டாவது பொய்.

அடுத்த வாரம் யுத்தம் தொடங்கியது. யுத்தம் முடிந்து ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த நாளில் சங்கிலியம்மாளுக்குத் தந்தி வந்தது.

ராஜமணிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பேச்சைப் பதிவு செய்த நாடா இருக்கிறதா, ஒரு தடவை திரும்ப ஒலிபரப்ப முடியுமா என்று வானொலிக்கு எழுதினான். நாடாவில் வேறு நிகழ்ச்சி பதிவாகிவிட்டது, வருந்துகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. இயந்திரத்தின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடினான். என்ன நடந்தது என்று கிருபாவதியிடம் சொன்னபோது அவள் அந்தப் பெட்ஷீட்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, அந்த விளக்கைப் பார்த்து நானும்தானே சந்தோஷப்பட்டேன் என்றாள். அவளையும் இதில் சேர்த்துவிட்டோமே என்று அவனுக்கு இன்னொரு வேதனை வந்து சேர்ந்தது.

தை பிறந்து அவன் மயிலாடும்பாறைக்குப் போனான். இந்தத் தடவை ரேடியோவைப் பார்க்கப் போகவில்லை, நேரே சங்கிலியம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வால்வு பழுதாகவில்லை, தானே கழற்றிக்கொண்டு போனது, வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஆசைக்காக ஓட்டிப் பார்க்கப் போனது, திங்கட்கிழமையே கொண்டுவந்திருக்கலாம், ஒருவர் பாராட்டுக்காக வைத்துக்கொண்டது, எதையும் மறைக்கவில்லை.

சங்கிலியம்மாள் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசி மொச்சையையும் உரித்துத் தோலை ஒதுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பெட்டி கெட்டுப்போச்சு, நம்ம நேரம்னு நெனச்சிருந்தேன். பெட்டி மேல யாரு கோவிப்பாக? மனசு ஆறிக்கிட்டு வந்துச்சு. இப்ப நீ வந்து, பெட்டி இல்ல, நாந்தான்ங்கிற. இனிமே நான் ஒம்மேல கோவிக்கணும். ராத்திரி படுத்தா ஒன் மூஞ்சி வரும். எதுக்கு வந்து சொன்ன? ஒன் பாரத்த எறக்கி வைக்க ஒனக்கு வேற எடம் கெடைக்கலையா?"

அதுவரை அவனை 'நீங்க' என்று பேசியவள் அவள். ராஜமணி என்னவோ சொல்ல வாயெடுத்தான். "போ தம்பி" என்றாள். சத்தம் போடவில்லை. அவன் பஸ் நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தான். சொல்லாமல் இருந்தது முதல் தப்பென்றால், சொன்னது தனக்காகத்தானே என்று அன்றைக்குப் புரிந்தது. மன்னிப்பு கிடைக்கும் என்ற ஆசை உள்ளுக்குள் இருந்திருக்கிறது. அந்த ஆசையே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஒன்றிய ஆணையரிடம் போய் நடந்ததை எழுதிக்கொடுத்தான். யாரும் புகார் செய்யாதபோது ஏன் வம்பை விலைக்கு வாங்குகிறாய் என்றார் அவர். ராஜமணி காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்தான். எச்சரிக்கை உத்தரவு ஒன்று கொடுத்து, அவனைக் கம்பம் பக்கம் மாற்றினார்கள். தண்டனை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கம்பத்தில் தண்ணீரும் பச்சையும் அதிகம்.

கம்பத்துக்கு வரும்போது இயந்திரத்தை விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தான். இரும்புக் கடைக்காரரிடம் பேசக்கூடப் போனான், வாசல்வரை போய்த் திரும்பிவிட்டான். லாரியில் அதுவும் வந்தது. பலவேசம் எங்கோ தேடிப்பிடித்து அந்த ரக வால்வு இரண்டை அனுப்பிவைத்தார். பொட்டலம் ஐந்து மாதம் பிரிக்காமல் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருபாவதி ஊருக்குப் போயிருந்தபோது, பிரித்து மாட்டினான். நூறாம் இடம் எரிந்தது. அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் தனக்குள் மிச்சம் இருக்கிறதே என்று வெட்கப்பட்டு சுவிட்சை அணைத்தான். அடுத்த ஞாயிறு மறுபடி போட்டான்.

எழுபத்துநான்கு மாசியில், உத்தமபாளையத்தில் வேலை முடிந்து, ரேடியோச் சாமான் வாங்குவதற்காகத் தேனி பஸ்ஸில் ஏறினான். பெண்கள் பக்கம் கடைசி இருக்கையில் சங்கிலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். திராட்சைத் தோட்டத்து வேலைக்கு வந்து திரும்புகிற கூட்டத்தோடு இருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் போகப் பார்த்தான். அவளே கூப்பிட்டாள்.

"ரேடியோக்காரத் தம்பி, இங்கன வா."

கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான். பஸ் சின்னமனூர் தாண்டும்வரை அவள் வெளியே பார்த்தபடியே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"அவங்கூட இருந்த பையன் ஒருத்தன் போன மாசம் வீட்டுக்கு வந்தான். அன்னைக்கு அவனும் பேசுனானாம். இவன் மைக்குக்கு முன்னாடி போயி நின்னு, எம்பேரு அழகுமலை, ஊரு மயிலாடும்பாறைன்னு சொன்னானாம். அதுக்கு மேல வார்த்தையே வரலையாம். எல்லாரும் சிரிச்சாகளாம். நல்லா இருக்கேன் ஆத்தான்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டானாம்."

"சின்னதுலேருந்தே அவன் அப்படித்தான். நாலு பேரு முன்னாடி வாய் வராது" என்றாள். தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திவிட்டு, "அம்புட்டுத்தான். ஆனா அத நான் கேட்டிருப்பேன்" என்றாள்.

"ஆமாம்மா" என்றான் ராஜமணி.

அவள் பக்கத்தில் இருந்த பெண் தேனிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினாள். இடம் காலியானது. சங்கிலியம்மாள் மடியில் இருந்த தூக்குச்சட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டாள். உட்கார் என்று சொல்லவில்லை, உட்காராதே என்றும் சொல்லவில்லை. ராஜமணி தேனி வரும்வரை கம்பியைப் பிடித்தபடியே நின்றுகொண்டு போனான்.