ஏற்றத்தில் நின்ற கார்

திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டை எனும் வேர்க்கடலை விளையும் சொந்த நிலத்தில் டிராக்டர் ஓட்டுபவள் இளவரசி. விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போனபோது, வாடகைக்கு எடுத்த பழங்காலக் காரை அவளிடம் ஓட்டத் தர அவள் கணவன் செல்வகுமார் மறுத்துவிட்டான். மலைச்சாலை ஏற்றத்தில் கார் மறுபடியும் நின்று பின்னால் உருண்டது.

“நீ பேசிக்கினே வந்தா எப்படி ஓட்டறது?” என்று பிரேக்கை மிதித்தபடி எரிந்து விழுந்தான்.

மழையில் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்த இளவரசி, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“எறங்குங்க.”

“பொம்பள ஓட்ட, நான் பக்கத்துல உக்காரணுமா?”

“மல்லாட்டைக்கு உழ மட்டும் நான் வேணுமா? லைசென்ஸ் எங்கிட்டயும் இருக்குது. உக்காரப் புடிக்கலன்னா நடந்து வாங்க.”

அவன் இடம் மாறினான். கார் நிற்காமல் ஏறியது. உச்சியில், “போட்டோ எடுக்கலாம், நிறுத்து” என்றான். அவளுக்குக் கோபம் தணியவில்லை, நிறுத்தவில்லை.