ரப்பர் அழித்த குரல்கள்

ரப்பருக்குச் சொந்தக் குரல் போனது ஒரு வியாழக்கிழமை காலை, மேலதிகாரியின் மேசைக்கு முன்னால். அன்றிலிருந்து அவன் அழித்த வீடியோக்கள்தான் அவனுக்குள்ளிருந்து பேசுகின்றன. இணையக் கண்காணிப்பு அலுவலகத்தில் ஆகாத வீடியோக்களை அழிப்பது அவன் வேலை. ரப்பர் என்பது தெரு வைத்த பேர். தெரு என்றைக்கு நல்ல பேர் வைத்திருக்கிறது?

இணையதளங்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவந்த அரசாங்கம், இளசுகள் ஆடிய கணினி விளையாட்டிலும் கைவைத்தது. அதுகள் சும்மா இருக்குமா? விளையாட்டுக்குள் இருக்கும் சிப்பாயையும் மளிகைக்காரனையும் நடிகர்களாக்கி, தங்கள் குரலைக் கொடுத்து, தடையைக் கிழிகிழியென்று கிழிக்கும் குறும்படங்களை எடுத்துவிட்டன. அந்த உருவங்களுக்கு வாய் அசையாது. ஆகவே பேசுகிறவன் தலையை ஆட்டுவான். ரப்பர் டீ குடித்துக்கொண்டே அழித்துத் தள்ளினான். ஒருநாள் ஒரு சிப்பாய் தலையை ஆட்டி, “பூட்டுப் போட்டவன் வீட்டுக் கதவு எங்கடா இருக்கு?” என்றான். ரப்பருக்குப் புரையேறியது. குளியலறைக்காகச் சின்ன வயதிலிருந்து அவனோடு மல்லுக்கு நின்ற தங்கையின் குரல் அது. அதையும் அழித்தான்.

“நீதானே அழிச்ச?”

“உன்னைக் காப்பாத்தத்தான்டி. உள்ள தூக்கிப் போட்டா எவன் வருவான்?”

“நான் கேட்டேனா? இனிமே என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாத. அசிங்கமா இருக்கு.”

அவள் மறுபடி எடுத்தாள், அவன் மறுபடி அழித்தான். ஒரு வருடம் அந்த வீட்டில் கதவுகள்தான் பேசிக்கொண்டன. அவளுடைய தட்டு வைக்கும் சத்தமே அவனுக்கு வசவாகக் கேட்டது.

அப்படியிருக்கையில்தான் மேலதிகாரி அவன் அழித்த வீடியோ ஒன்றின் பிரதியைப் போட்டுக்காட்டி, “இந்தக் குரல் யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமாமே?” என்றார். நாலு நாள் உள்ளே இருந்தால் திமிர் அடங்கும் என்று வன்மத்தோடு நினைத்தான் ரப்பர். அவள் பேரைச் சொல்லப் போனான். உதடு பிரியவில்லை. தலை ஆடியது. பூட்டுப் போட்டவன் வீட்டுக் கதவைக் கேட்டது தங்கையின் குரல், அவனுக்குள்ளிருந்து. பின்னாலேயே மளிகைக்காரன் வந்தான், இன்னும் பல சிப்பாய்கள் வந்தார்கள். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலுக்குரியவன் அகப்பட்டான் என்று வழக்கை முடித்தார். சிறையில் பக்கத்து அறைக்காரர்கள் தூக்கம் கெடுகிறது என்று மட்டும் புகார் சொன்னார்கள்.

தண்டனை முடிந்து அவன் வீட்டுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. சாயங்காலம் தங்கையின் கூட்டாளிகள் வருவார்கள், தங்கை அவன் முன்னால் மைக்கை வைப்பாள், அழிந்த குரல்களைப் பதிந்து புதுச் சிப்பாய்களுக்குப் பொருத்துவாள். எதிர்வீட்டுக்காரர் எப்போதாவது வந்து, “கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க” என்பார். அன்றைக்கு அவன் யாரைக் காட்டிக்கொடுக்கப் போனான் என்பது தெருவுக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். “அடுத்தது” என்பதைத் தவிர அவனிடம் அவள் எதுவும் பேசுவதில்லை. அவனுக்கோ அவளிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தினமும் உள்ளுக்குள் துழாவுகிறான். வசவு கிடைக்கிறது, கிண்டல் கிடைக்கிறது, சவால் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது. அவன் அழித்த வீடியோக்களில் எவனும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.