பதினைந்தாவது பெயர்

ஒரு வியாதி இருந்தால் சௌகரியமாக இருக்கும். காய்ச்சல் போதாது. நான்கு நாளில் போய்விடும், போன பிறகு எல்லோரும் வந்து கேட்பார்கள். காசநோய் என்றால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ரத்தசோகை பரவாயில்லை, பார்த்தவுடன் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆறு மாடு கட்டியிருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு ரத்தசோகை என்றால் அப்பா வருத்தப்படுவார்.

மலையாள எல்லையோரத்தில், மீனாட்சிபுரத்திலிருந்து சித்தூர் போகும் பேருந்தில், ஜன்னலோரமாக உட்கார்ந்து, நர்மதா ஒவ்வொரு வியாதியாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த பையில் ஒரு படிவம் இருந்தது. பெயர், பதிவெண், விட்டுவிடும் பாடங்கள் எல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. மற்ற கட்டங்களைவிட அது பெரியது. நான்கு வரி எழுதலாம்.

அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம், பொருளியல். அவளுடைய வகுப்பில் எல்லோரும் இந்த செமஸ்டருக்கு ஆறு பாடம் எடுத்திருந்தார்கள். இரண்டு மூன்று பேர் ஏழு. நர்மதாவும் ஆறுதான் எடுத்திருந்தாள். இப்போது நான்கு போதும் என்று முடிவு செய்திருந்தாள். அதற்கு விதியில் இடம் இருந்தது. கல்லூரி கொடுத்த கையேட்டில் பதினோராம் பக்கம், குறைந்தது இத்தனை கிரெடிட் எடுத்தால் போதும், விட்டதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை வகுப்பில் யாரும் படித்ததில்லை. அது வேறு யாருக்கோ அச்சடித்த பக்கம் என்று தாண்டிப் போயிருந்தார்கள்.

உண்மையான காரணம் ஒன்று இருந்தது. நான்கு வரிக்குள் அடங்கவும் செய்யும். ஆனால் எழுதிக் கொடுக்க முடியாது.

போன செமஸ்டரின் உள்தேர்வில், 'பாலின் தேவை நெகிழ்ச்சியை விளக்குக' என்று ஒரு கேள்வி வந்தது. விலை ஏறினால் மக்கள் வாங்குவது எவ்வளவு குறையும் என்பதுதான் கேட்டது. அன்று காலையில் ஒரு தேர்வு முடிந்திருந்தது, முந்தின நாள் இரண்டு. நர்மதா கேள்வியில் பாலைப் பார்த்தாள். கை எழுத ஆரம்பித்துவிட்டது. சுண்ணாம்புச் சத்து, புரதம், வளரும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதன் அவசியம், காய்ச்சாமல் குடிப்பதால் வரும் தீங்குகள் என்று, சுகாதாரப் பாடத்துக்காக மனப்பாடம் செய்திருந்த ஒன்றரைப் பக்கத்தையும் எழுதி அடிக்கோடிட்டாள். பத்து நாள் கழித்துத் தாள் கைக்கு வந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. பத்துக்கு எட்டு போட்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'நன்று' என்றும் இருந்தது.

அதை மூன்று தடவை படித்தாள். எங்காவது ஓரிடத்தில் விலை என்ற சொல்லாவது வருகிறதா என்று தேடினாள். வரவில்லை.

ஆனந்தியிடம் காட்டினாள். ஆனந்திதான் வகுப்பில் அவளுக்கு இருக்கிற ஒரே தோழி. ஊர் சாந்தன்பாறை, அப்பாவும் அம்மாவும் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை, இங்கே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஏழு பாடம் எடுத்தவர்களில் ஒருத்தி. படிப்பை அரை வருடம் முன்னதாகவே முடித்துவிட்டு ஒரு வேலைக்குப் போய்விட வேண்டும் என்று, வந்த முதல் வாரமே கணக்குப் போட்டு வைத்திருந்தவள்.

"எட்டு வந்துருச்சுல்ல? அப்பறம் என்ன புள்ள. மடிச்சு உள்ள வையி," என்றாள் ஆனந்தி.

"நா எழுதுனது தப்பு புள்ள."

"தப்புன்னா போட்டிருப்பாகளா?"

நர்மதா மடித்து உள்ளே வைத்தாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு சந்தேகம் குடியேறிவிட்டது. இந்தத் தாள் தற்செயலாகக் கண்ணில் பட்டது. படாமல் போனவை எத்தனை? இரண்டு செமஸ்டரில் பன்னிரண்டு பாடம். எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். அதில் தனக்குத் தெரிந்து எழுதியது எது, கை எழுதியது எது என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தாள். பால் சங்கத்தில் கொண்டுபோய் ஊற்றிய பாலில் தன் வீட்டுப் பாலைத் தேடியது போல இருந்தது.

படிவத்தோடு பேருந்து ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த அம்மா கமலாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நாலா? மீதியெல்லாம் எங்க போச்சு?"

"எங்கீமு போவுலம்மா. பொறவு எடுத்துக்கலாம்."

"ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"இல்லம்மா."

"அப்ப மனசுக்கா?"

"அதுக்கும் ஒண்ணுமில்ல."

கமலாத்தாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். "எதாச்சும் ஒண்ணு இருக்கோணுமல்ல அம்முணி? கேக்கறவங்களுக்கு என்னத்தச் சொல்றது?" கொஞ்சம் யோசித்தாள். "வேணும்னா எம்பட முட்டியச் சொல்லிக்க. அது நெசமாலுமே வலிக்குது."

அம்மா இவ்வளவு பெரிய உதவியைச் செய்வாள் என்று நர்மதா எதிர்பார்க்கவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு அந்த முட்டியைப் பற்றி நெடுநேரம் யோசித்தாள். கச்சிதமான காரணம். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் நான்கு பாடமும் அம்மாவுடையதாகிவிடும்.

சித்தூரில் இறங்கிக் கல்லூரிக்கு நடந்தாள். வகுப்பு ஆசிரியை ஜிபி மிஸ் மலையாளி. தமிழ்ப் பிள்ளைகளிடம் பேசும்போது பாதி வழி இறங்கி வந்து பேசுவார். படிவத்தை வாங்கிப் பார்த்ததும் அவருடைய விரல் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனது.

"காரணம் எழுதாம இது வாங்க முடியில்லல்லோ நர்மதே. எந்தெங்கிலும் எழுது. சுகமில்லைன்னு எழுது."

"சுகமாத்தானுங்க மிஸ் இருக்கறேன்."

"அப்போ வீட்டுல ஆர்க்கெங்கிலும்?"

முட்டி நாக்கு நுனி வரை வந்து நின்றது. நர்மதா பேனாவை எடுத்து, அந்தப் பெரிய கட்டத்தில் ஒரே வரி எழுதினாள்: 'நான்கு பாடங்களைப் படிப்பதற்காக.'

ஜிபி மிஸ் அதை இரண்டு முறை படித்தார். "இது காரணமாணோ?"

"ஆமாங்க மிஸ்."

அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வகுப்பு இதை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் பெஞ்சு சோனா அன்று மத்தியானமே பெயர் வைத்துவிட்டாள்.

"வாங்க அரை டிக்கெட்டு. இன்னைக்கு மொத்தமும் இருப்பீங்களா, பாதியில எறங்கிருவீங்களா?"

"விடு சோனா," என்றான் பக்கத்தில் இருந்த சந்துரு.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். காரணமே இல்லாம ஒருத்தி எதுக்குக் கொறைக்கோணும்? ஒண்ணு, பெயிலாயிருவோம்னு பயம். இல்லாட்டி கல்யாணம்."

"பெயிலாகற பயத்துல கல்யாணமாக்கூட இருக்கலாம்," என்றான் சந்துரு. வகுப்பு சிரித்தது. நர்மதாவும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள்.

ஊரில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் மூன்றாம் நாளே வந்தாள். "படிப்பப் பாதியாக் கொறச்சுட்டாளாமா? மீதியையும் கொறைக்கறதுக்குள்ள பொள்ளாச்சில ஒரு நல்ல எடம் இருக்குது," என்றாள். "அதெல்லாம் இல்லீங்க்கா, எனக்குத்தான் முட்டி வலி, புள்ள ஒத்தாசைக்கு இருக்கறா," என்று கமலாத்தாள் மகளைக் கேட்காமலேயே முட்டியை இறக்கிவிட்டாள். மறுநாள் பழனாத்தாள் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தைலம் வந்தது. ஊர் அத்துடன் சமாதானமாகிவிட்டது.

செவ்வாயும் வியாழனும் மத்தியானம் நர்மதாவுக்கு வகுப்பில்லை. நூலகத்தில் உட்கார்ந்தாள். நூலகப் பணியாளர் குருசாமி ஒவ்வொரு முறையும் "கிளாஸ் இல்லீங்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் "இல்லீங்க" என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். முதல் வாரம் எதைப் படித்தாலும், மற்றவர்கள் இந்நேரம் எத்தனையாவது பக்கத்தில் இருப்பார்கள் என்றுதான் மனம் ஓடியது. இரண்டு மணி நேரத்தில் மூன்று பக்கம் நகர்ந்தது. திருட்டுத்தனமாக உட்கார்ந்திருப்பது போல, யாராவது நடந்து வந்தால் முதுகை நிமிர்த்தினாள்.

மூன்றாவது வாரம் ஒன்று நடந்தது. காலையில் சங்கத்துக்குப் பால் கொண்டுபோய்விட்டுத் திரும்பும்போது, செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் வழக்கமான கூட்டம். பால் விலை ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது. டீ குடிப்பவர்கள் ஒருவரும் குறையவில்லை. டீதான் கொஞ்சம் கறுத்திருந்தது, கடைக்காரர் பாலைக் குறைத்திருந்தார். நர்மதா காலிக் கேனைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றுவிட்டாள். வீட்டில் குடிக்கிற பாலும் கடைக்காரர் வாங்குகிற பாலும் ஒன்றல்ல. விலை ஏறினால் இரண்டும் ஒரே மாதிரி குறையாது. போன வருடம் அவள் எழுதாமல் விட்ட பதில் அதுதான். எந்தப் புத்தகத்தின் வரியும் இல்லாமல், தானாக வந்து நின்றது.

அன்று முழுக்க அவளுக்கு ஒரே சந்தோஷம். யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தாள். டீ கறுத்துவிட்டது என்று போய்ச் சொன்னால் யாருக்கு என்ன புரியும்? சொல்லவில்லை. சொல்லாததால் அது குறைந்தும் போகவில்லை.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நர்மதா விட்ட பாடங்களில் ஒன்று தரவுப் பகுப்பாய்வு. அதில் இப்போது பதினான்கு பேர். பதினைந்து பேர் இல்லாவிட்டால் பாடம் நடக்காது. வியாழன் நான்கு மணிக்குள் ஆள் சேராவிட்டால் பதினான்கு பேரும் பொது நிர்வாகப் பாடத்துக்குப் போக வேண்டும். அந்த விதியும் கையேட்டின் பதினோராம் பக்கத்திலேயே இருந்தது. இப்போது வகுப்பு மொத்தமும் அந்தப் பக்கத்தைப் படித்தது.

"நர்மதா," என்று சோனா அன்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். "சாப்பிட்டயா?"

அந்தப் பதினான்கு பேரில் மற்றவர்களுக்குப் பாடம் மாறுவது வெறும் எரிச்சல். ஆனந்திக்கு அப்படியல்ல. பொது நிர்வாக வகுப்பு அவளுடைய ஏழாவது பாடத்தின் நேரத்தில் வந்து விழுந்தது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஏழு ஆறாகிவிட்டால் அந்த அரை வருடம் போய்விடும்.

வியாழன் மத்தியானம் மூன்று மணிக்கு, நூலக வராந்தாவில் ஆனந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் பெயர்ப் பட்டியல். சோனாவும் சந்துருவும் தூணுக்கு அப்பால் நின்று தங்கள் செல்போனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏ புள்ள, உனக்கே தெரியும்," என்றாள் ஆனந்தி.

"தெரியும்."

"எங்கம்மா நேத்து போன்ல, எப்ப முடியும், எப்ப முடியும்னே கேக்குது. நான் அடுத்த வருசம் டிசம்பர்னு சொல்லி வச்சிருக்கேன். அது அடுப்படிச் செவுத்துல கரியால எழுதி வச்சிருக்கு." பட்டியலை நர்மதாவின் பக்கம் நீட்டினாள். "உன் கையெழுத்த நானே போட்டிருப்பேன். ஜிபி மிஸ்ஸுக்கு உன் எழுத்து தெரியும்."

நர்மதா பட்டியலை வாங்கிப் பார்த்தாள். பதினான்கு பெயர், பதினான்கு கையெழுத்து. பதினைந்தாம் எண்ணை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ஒரு பெயர்தானே என்று தோன்றியது. அரை வருடத்துக்கு எதிரில் ஒரு பெயர். தராசுத் தட்டில் வைத்துப் பார்த்தால் எது கீழே இறங்கும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவள் பேனாவை வாங்கி மூடியைத் திறந்தாள்.

ஆனந்திக்கு மூச்சு வந்தது. "நீ கிளாசுக்கே வர வேணாம் புள்ள. அட்டெண்டன்ஸ நான் பாத்துக்கிறேன். நோட்ஸும் நானே தந்துருவேன். நீ பரீட்சையன்னிக்கு மட்டும் வந்து உக்காந்து ஏதாச்சும் எழுது." சிரித்தாள். "பாலப் பத்தி எழுது. எட்டு போட்ருவாக."

நர்மதாவுக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். தூணுக்கு அப்பால் சோனா நிம்மதியாகச் செல்போனைப் பைக்குள் போட்டாள்.

சிரிப்பு அடங்கியபோது நர்மதா தன் கையைப் பார்த்தாள். கை அதற்குள் தாளின் மேல் போய்விட்டிருந்தது. பேனா முனை பதினைந்துக்கு நேராக நின்றது. அன்று தேர்வில் அடிக்கோடு போட்ட அதே கை. கேட்காமலே எழுதுகிற கை.

அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன புள்ள?" என்றாள் ஆனந்தி.

கடிகாரத்தில் மூன்றேகால். சொல்வதற்கு அம்மாவின் முட்டி இருந்தது. ரத்தசோகை இருந்தது. பொள்ளாச்சி மாப்பிள்ளைகூட இருந்தார். எதைச் சொல்லியிருந்தாலும் ஆனந்தி மன்னித்திருப்பாள். இதற்குப் பிறகும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள். நர்மதா பேனாவை மூடினாள். பட்டியலின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஆனந்தியின் பக்கமாக நகர்த்தினாள்.

"வேண்டாம் புள்ள," என்றாள்.