டிக் போட்ட வீடு

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியில் பேரிடர் குழுவின் பதினொரு பேரும் கூடினார்கள். அந்த வருடம் என்னென்ன பயிற்சி எடுப்பது, எதை எந்த மாதத்துக்குள் முடிப்பது என்று தை பிறக்கும் முன்பே உட்கார்ந்து பேசி எழுதிவிடுவது அவர்கள் வழக்கம்.

குழுவுக்குத் தலைவி சூர்யகலா. நாற்பத்தொரு வயது, உப்பளத்தில் கூலி வேலை. நான்கு வருடங்களுக்கு முன் அதிகாரிகள் வந்து தொண்டர்கள் வேண்டும் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான். அன்றைக்குக் காலையில் மட்டும் அவளுக்கு அங்கே வரவே மனமில்லாமல் இருந்தது.

அசோகன் சுவரில் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டினான். புதுச்சேரியில் பைக் ஷோரூமில் வேலை பார்ப்பவன். குழுவின் எழுத்து வேலையெல்லாம் அவனுடையது. சார்ட்டில் பதினான்கு இலக்குகள் இருந்தன.

"போன வருஷம் பன்னெண்டு எழுதினோம். மூணுதான் நடந்துது," என்றார் கலியபெருமாள். குழுவிலேயே மூத்தவர். "எழுதறதுல நமக்குக் குறையே இல்லப்பா."

"எல்லாத்தையும் எடுத்துடு. தட்டையா ஒரு படகு, அதை ஓட்டறதுக்கு நாலு பேரு. அது போதும்," என்றான் கார்த்திகேசன். கடலுக்குப் போகிறவன். "வெள்ளம் வந்தாலும் உப்பளத்துல தண்ணி இடுப்பளவுதான். என் போட்டு அதுல தரை தட்டிடுது."

வினோதினி முதலுதவிதான் முக்கியம் என்றாள். நெஞ்சை அழுத்தி மூச்சு வரவைக்கும் பயிற்சியை இரண்டு பேர்தான் முடித்திருந்தார்கள். ஒருவர் டிரோன் என்றார், ஒருவர் ஜெனரேட்டர் என்றார். அரை மணி நேரம் சத்தம் ஓயவில்லை.

கடைசியில் அசோகன் சிவப்புப் பேனாவை எடுத்தான். "சரி, குறைச்சுக்கலாம். ஏழாவதை முதல்ல அடிச்சுடறேன். ஜனங்களை வெளியேத்தற பயிற்சி. டிசம்பர் புயல்லயே நாற்பது நிமிஷத்துல நூத்துக்கு நூறு பண்ணிட்டோம். சர்டிபிகேட்டே குடுத்திருக்காங்க. தெரிஞ்சதையே திரும்ப எதுக்குப் பண்ணணும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். பேனா தாளைத் தொட்டது.

"அதை அடிக்காத அசோகா," என்றாள் சூர்யகலா.

"ஏன்க்கா?"

அவள் பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"நூத்துக்கு நூறு இல்ல. அஞ்சம்மா வீட்டை நான் விட்டுட்டேன்."

அஞ்சம்மாள் உப்பளத்தில் சூர்யகலாவோடு ஜோடியாக வேலை செய்பவள். பிறவியிலேயே காது கேட்காது. தனியாக இருந்தாள். சூர்யகலாவின் பட்டியலிலிருந்த பதின்மூன்று வீடுகளில் அவளுடையதும் ஒன்று.

புயல் கரையேறிய அன்று சாயங்காலம் தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டு, ஆட்கள் கிளம்பியதும் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே போனாள் சூர்யகலா. அஞ்சம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மூன்று முறை கூப்பிட்டாள். பதில் இல்லை. கூனிமேட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எண்ணி டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். பத்து வருடமாகக் கைஜாடையில் பேசிப் பழகியவளை வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கிறோம் என்பது அந்த அவசரத்தில் அவளுக்கு உறைக்கவேயில்லை.

விடிந்து தண்ணீர் வடியும்போதுதான் சட்டென்று நினைவு வந்தது. ஓடினாள். காய்ச்சலில் படுத்திருந்த அஞ்சம்மாள், கட்டிலின் மேல் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் அரிசி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். கட்டிலின் சட்டம் வரை ஈரம் ஏறிய தடம் இருந்தது. 'யாருமே வரலை' என்று கையை விரித்துக் காட்டினாள். சூர்யகலா அவளைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து சூடாக டீ போட்டுக் கொடுத்தாள். வாசலில் நின்று கூப்பிட்டது தான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அவள் சொல்லி முடித்தாள்.

"சர்டிபிகேட் வாங்கினப்போ வாயைத் திறக்கலையே சூர்யா," என்றான் கார்த்திகேசன். கோபமாகத்தான் கேட்டான்.

"திறக்கல. தப்புதான். தலைவியா வேற யாரையாவது போட்டுக்குங்க."

"நீ போயிட்டா அந்தத் தெருவை யாரு பார்க்கறது? அதுவா இப்போ பேச்சு?"

கலியபெருமாள் கனைத்துக்கொண்டார். "நானும் ரெண்டு வீட்டுக்கு, ஆளு இருக்காதுன்னு தெரிஞ்சு தட்டாமலே டிக் போட்டேன். நல்லவேளை, யாரும் இல்ல."

வினோதினி தரையைப் பார்த்தாள். "நான் ஒரு வீட்டுக்குப் போன்லதான் கேட்டேன். கிளம்பிட்டோம்னாங்க."

அசோகன் பேனாவை மூடிவிட்டுச் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மூடியைத் திறந்து, ஏழாவதை விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான். முதலுதவிக்கு வினோதினியும் படகுக்குக் கார்த்திகேசனும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆக மூன்று மிஞ்சின. ஏழாவது இப்போது முதல் இலக்கு. அதன் கீழே அசோகன் எழுதினான்: 'முகத்தைப் பார்க்காமல் டிக் போடக்கூடாது.' அன்றைக்கே, சான்றிதழ் கொடுத்த அதிகாரிக்கு உண்மையை விளக்கி ஒரு கடிதமும் எழுதினான். பதில் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தார்கள்.

பொங்கல் கழிந்து உப்பளத்தில் வேலை தொடங்கியது. மழையில் கரைந்து கிடந்த பாத்திகளைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துகிற வேலை. முதல் நாள், முழங்கால் சேற்றில் நின்றபடியே சூர்யகலா அஞ்சம்மாளிடம் கையால் சொன்னாள். நான் வந்தேன். வாசலில் நின்று வாயால் கூப்பிட்டேன். நீ இல்லை என்று நினைத்துப் போய்விட்டேன்.

அஞ்சம்மாள் அவள் கைகளையே பார்த்தாள். பிறகு திரும்பிப் பாத்தியின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். மூன்று நாள் அப்படியேதான் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. சூர்யகலாவும் அருகில் போய்த் தொந்தரவு செய்யவில்லை. மனசு கனத்துத்தான் கிடந்தது. ஆனாலும் டிசம்பரிலிருந்து சரியாக வராத தூக்கம் இப்போது வந்தது.

நான்காம் நாள் வேலை முடிந்ததும் அஞ்சம்மாளே வந்தாள். கையில் ஒரு நைலான் கயிறு. சூர்யகலாவின் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு முனையை அதில் கட்டினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்துபோய், வெடுக்கென்று இழுத்தாள். சூர்யகலா தடுமாறி விழப்போனாள். அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. மழை என்று காட்டினாள், தூக்கம் என்று காட்டினாள், கயிற்றின் ஒரு முனை தன் மணிக்கட்டில் இருக்கும், மறுமுனை ஜன்னல் வழியே வெளியே தொங்கும் என்று காட்டினாள். புரிந்ததா என்று புருவத்தை உயர்த்தினாள்.

சூர்யகலாவுக்குப் புரிந்தது.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஒத்திகை வைத்தார்கள். பட்டியலில் மொத்தம் நூற்று முப்பத்தொன்பது பேர். நாற்பது நிமிடம் என்பது இலக்கு. சூர்யகலா அஞ்சம்மாள் வீட்டு ஜன்னலுக்குப் போய்க் கயிற்றை இழுத்தாள். அசைவில்லை. இன்னொரு முறை பலமாக இழுத்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்த அஞ்சம்மாள், மணிக்கட்டைத் தேய்த்தபடி முறைத்தாள். சூர்யகலா அந்த முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு டிக் போட்டாள்.

ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய் ஆளைப் பார்த்துக் கிளப்ப வேண்டியிருந்ததால் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. எழுபத்தொன்றாவது நிமிடம் மையத்தின் மாடியில் அசோகன் தலைகளை எண்ணினான். நூற்று முப்பத்தெட்டு. கடைசித் தெரு ராஜாங்கம் மட்டும் வரவில்லை. டிவியில் மேட்ச் ஓடுகிறது, நிஜப் புயல் வந்தால் வருகிறேன் என்று வினோதினியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அவரை வந்த மாதிரி வச்சுக்கலாமா?" என்று கேட்டான் அசோகன். கேட்டவுடனேயே, "வேணாம், வேணாம்," என்று தானே சொல்லிக்கொண்டான்.

அஞ்சம்மாள் சூர்யகலாவின் தோளைத் தட்டி என்ன என்று கேட்டாள். ஒருவர் வரவில்லை என்று சூர்யகலா கைகாட்டினாள். யார் என்று அஞ்சம்மாள் கேட்டாள். சூர்யகலா மீசையை முறுக்குவதுபோல் காட்டியதும் தெரிந்துகொண்டு படியிறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ராஜாங்கம் தெரிந்தார். அவர் கையை அஞ்சம்மாள் பற்றியிருந்தாள். அவளுடைய இன்னொரு கையில் டிவி ரிமோட் இருந்தது.

"எவ்வளவு சொல்றேன், காதுலயே வாங்கல இந்தம்மா!" என்று அவர் மாடிப்படியில் கத்திக்கொண்டே ஏறினார். கூடியிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். என்ன சொன்னார் என்று சூர்யகலா கையால் விளக்கியதும் அஞ்சம்மாளும் தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அக்கா, இவங்களுக்கும் நாலு வீடு பிரிச்சுக் குடுக்கலாமா?" என்று கேட்டான் அசோகன். "ஆனா இவங்களால கூப்பிட முடியாதே."

"கூப்பிட்டு நாம என்னத்தக் கண்டோம்? உள்ள போய் இழுத்துட்டு வரட்டும்."

அசோகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நோட்டில், 'எண்பத்து மூன்று நிமிடம். நூற்று முப்பத்தொன்பது பேர்' என்று எழுதினான்.

"இலக்குக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு," என்றான் கார்த்திகேசன்.

"ஜூலைல திரும்பப் பண்ணுவோம்," என்றாள் சூர்யகலா.

ராஜாங்கம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்பயும் இந்தம்மாவையே அனுப்பாதீங்க," என்றார். "டீயாவது போட்டு வச்சிருக்கீங்களா?"