சனிக்கிழமை நேரலை

“கொஞ்சம் காலைத் தூக்குங்க” என்றாள் அவள்.

துக்கம் விசாரிக்க வந்து வாடகை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மறுபேச்சில்லாமல் காலைத் தூக்கினார். அவள் குனிந்து கறுப்பு ஒயரை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தாள். “நீங்களும்.” அப்படியே வரிசை முழுக்கக் கால்கள் எழும்பித் தாழ்ந்தன. நேற்றுத்தான் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளிடம் போய் ‘என்னம்மா செய்கிறாய்’ என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

வாய் வந்தது ஒருவருக்குத்தான். அவள் கணவனின் அண்ணன், டைல்ஸ் கடைக்காரர். தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் நேற்றிலிருந்து எல்லாவற்றையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலி, குளிர்பெட்டி, வண்டி என்று ஓடிக்கொண்டிருந்தார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. வந்தவர்களுக்குக் காப்பி ஆறிப்போகாமல் பார்த்துக்கொண்டதுகூட அவர்தான்.

“ஏம்மா, என்ன இதெல்லாம்?”

“மைக் ஒயர், மாமா.”

“அது தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்.”

“இன்னைக்கு சனிக்கிழமை இல்லையா?”

அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால்தான் ஆச்சரியம். போனவன் வாரம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். நேற்றும் ஒரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டைச் சரிசெய்துவிட்டு, ஒரு நிமிஷம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று படிக்கட்டில் உட்கார்ந்தவன்தான். ஆனால் சனிக்கிழமை மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை அவன் மெக்கானிக் இல்லை. பேட்டையின் சமுதாய வானொலியில் அந்த ஒரு மணி நேரம் அவனுடையது. எந்நேரமும் தோளில் ஒயர்ச் சுருளோடு திரிவதால் அங்கே அவனுக்கு ‘ஒயர்’ என்றே பெயர். சின்னவர்களுக்கு ஒயர் அண்ணன். இவள் லாண்டரிக் கடை வைத்திருந்தாள், ஆனால் நிலையத்துக்குப் போனால் இவளுக்கும் அண்ணிப் பட்டம்தான்.

சினிமாக் கம்பெனியும் கேசட்டுக் கம்பெனியும் திரும்பிப் பார்க்காத ஆட்களைத் தேடிப் பிடித்து வருவான். பகலெல்லாம் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துவிட்டு மாலையில் வயலின் எடுப்பவன், பல் டாக்டரம்மா ஒருத்தி, தானே பாட்டுக் கட்டிப் பாடும் மின்வாரிய ஊழியர்கள் மூவர். எல்லாரும் சொந்தச் சரக்கைத்தான் வாசிக்க வேண்டும், எல்லாம் நேரடியாகத்தான் போக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் பதிவுசெய்த சத்தம் ஒரு துளி வந்ததில்லை. கம்பி அறுந்தால் அறுந்த சத்தமும் போகும். குடல்வால் ஆபரேஷன் முடிந்த வாரம்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்து, யாராவது சிரிக்க வைத்தால் தையல் பிரிந்துவிடும் என்று ஒலிபரப்பிலேயே சொன்ன ஆள்.

காலையில் வானொலிக் கமிட்டியின் தலைவர் போன் செய்திருந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். குரலில் துக்கம் வழிந்தது. “அவருக்கு மரியாதை செய்யணும் இல்லையாம்மா? ஸ்டூடியோவைப் பூட்டியாச்சு. அந்த ஒரு மணி நேரமும் சோகமா புல்லாங்குழல் ரெக்கார்டு போடச் சொல்லிட்டேன்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த நேரத்தின்மேல் தலைவருக்கு ரொம்ப நாளாகக் கண். நேரலை ஒரு வாரம் நின்றாலும் அந்த நேரத்தைக் கமிட்டி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. ஒயர் அதை நிற்கவே விடவில்லை. இப்போது அவனே நின்றுபோனான்.

அவள் போனை வைத்தாள். நேற்றிலிருந்து வராத கோபம் அப்போதுதான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போனவன்மேல் பாதி, தலைவர்மேல் பாதி. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து வெளி ஒலிபரப்புப் பெட்டியை இழுத்தாள். தெருமுனையிலிருந்தும் பூங்காவிலிருந்தும் நேரலை செய்ய அவன் கொண்டுபோகும் பெட்டி அது. அதில் மைக்கைச் செருகினால் சத்தம் நிலையத்துக்குப் போய்ச் சேரும். அங்கே டியூட்டியில் இருப்பவர் ஒரு பித்தானை அழுத்தினால் ஊருக்கே கேட்கும். டியூட்டியில் இருந்த பெண்ணுக்குப் போன் செய்தாள்.

“மூணு மணிக்கு வீட்டு லைனை ஏத்திடு. மூணுன்னா மூணு. எனக்காகக் காத்திருக்காதே.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “சரி அண்ணி. தலைவர் கேட்டா?”

“ஸ்டூடியோவைத்தானே பூட்டினாரு? என் வீட்டைப் பூட்டலையே.”

இந்த வாரம் வாசிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். குப்பை லாரி ஓட்டும் டிரம்மர். ஸ்கூல் வேன் ஓட்டும் பாட்டுக்காரி, கட்டைக் குரல். துக்கத்துக்கு வந்தவர்களை அவள் வாசலிலேயே மடக்கினாள்.

“எங்கே உன் டிரம்மு?”

டிரம்மர் விழித்தான். “அண்ணி, இன்னைக்கு எப்படி...”

“இன்னைக்குத்தான். போய் எடுத்துட்டு வா.”

இப்போது கூடத்தின் மூலையில் டிரம் நின்றது. நடுவில் குளிர்பெட்டிக்குள், அவளே இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் ஒயர். மூத்தவர் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாவு வீட்ல கச்சேரியா? ஊர் என்னம்மா சொல்லும்?”

“சொல்றவங்க கேட்டுட்டு சொல்லட்டும், மாமா.”

“உனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சா?”

“அவர் போயிட்டாரு. அதுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியல. வயிறு எரியுது எனக்கு. அந்த ஒரு மணி நேரத்தையும் சேத்துத் தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா? அதுக்கு நான் விட மாட்டேன்.”

தம்பி பெண்டாட்டி இப்படி எதிர்த்துப் பேசி அவர் பார்த்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

ஹெட்போனைக் காதில் வைத்த டிரம்மர் முகத்தைச் சுளித்தான். “அண்ணி, கொர்ர்ருன்னு ஒரு சத்தம் வருது. குளிர்பெட்டி மோட்டாரு. மைக்குல ஏறுது.” கொஞ்சம் தயங்கினான். “ஒரு மணி நேரம் அணைச்சா...”

அவள் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் லேசாக வேர்த்திருந்தது.

“அணைக்க வேண்டாம். அவர் பக்கத்துலதான் இருக்காருன்னு கேக்கறவங்களுக்குத் தெரியட்டும்.”

பாட்டுக்காரிக்கு அழுகை முட்டிவிட்டது. கையிலிருந்த மைக்கை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பின்னால் போனாள். மைக்கை அணைக்கவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்யவே கூடாத தப்பு. திறந்த மைக் பக்கத்தில் தும்மக்கூடக் கூடாது என்பான் ஒயர். அதோடு இந்த வீட்டுக் கடிகாரம் எப்போதுமே பின்தங்கித்தான் ஓடும். இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்து அவளும் டிரம்முக்கு அடியில் ஜமுக்காளத்தை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தலைவர் வந்தார். பூவளையத்தை வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேராக ஜன்னலுக்குப் போய் மூத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். குடும்பத்துக்குப் பெரியவர் யாரென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளும் ஆசாமி. டிரம்மைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார்.

“என்ன சார் இது? நீங்க சொல்லக் கூடாதா?”

“சொன்னேன், கேக்க மாட்டேங்குது.”

“உங்க தம்பி நல்ல மனுஷன், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பாருங்க, தகரத்தைத் தட்டறவன், தொண்டை கட்டினவ, எல்லாரையும் கூட்டியாந்து ஒரு மணி நேரம் பாழு. யார் சார் கேக்கறா இதையெல்லாம்?”

“உண்மையைச் சொல்லணும்னா,” என்றார் மூத்தவர், “நானே ஒரு நாளும் கேட்டதில்ல.”

“பாத்தீங்களா! இன்னைக்கு ஒரு நாள் நின்னா போதும். அடுத்த வாரத்துலேருந்து அந்த நேரத்துக்கு வீட்டுமனை நிகழ்ச்சி. விளம்பரமெல்லாம் பேசியாச்சு. உங்க தம்பி பேர்ல ஒரு நிமிஷம் மௌனமா இருந்துட்டு ஆரம்பிச்சிடலாம்.”

டியூட்டிப் பெண் சொன்ன சொல் தவறாதவள். மூன்று அடித்ததும் லைனை ஏற்றியிருந்தாள். சத்தம் நிலையத்துக்குப் போய் அங்கிருந்து ஊருக்கு வர அரை நிமிஷம் பிடிக்கும்.

முதலில் எதிர்ச் சாரி சலூனிலிருந்து வந்தது. ‘என்ன சார் இது? நீங்க சொல்லக் கூடாதா?’ தலைவர் திரும்பிப் பார்த்தார். யாரோ தன்னைப் போலவே பேசுகிறார்களே என்பது போல ஒரு பார்வை. அடுத்து டீக்கடையிலிருந்து வந்தது. மாடி வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. தெருவோரம் நின்ற டாக்சிக்குள்ளிருந்து வந்தது. தகரத்தைத் தட்டறவன். தொண்டை கட்டினவ. தெரு முழுக்க, திறந்திருந்த அத்தனை ஜன்னலிலிருந்தும் ஒரே குரல் கேட்டது:

‘யார் சார் கேக்கறா இதையெல்லாம்?’

சலூன்காரர் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே பாதி வெட்டிய தலையோடு ஓர் ஆள். “நான் கேக்கறேன்யா!” என்று சலூன்காரர் கத்தினார். மாடியிலிருந்து ஒரு பெண் குரல், “நானுந்தான்! யாரு அது, தைரியம் இருந்தா வெளியில வந்து பேசச் சொல்லு!”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் இந்தத் தவளையோடு இன்னொருவரும் சேர்ந்து மாட்டிக்கொண்டார். அடுத்து வந்த குரலைக் கேட்டு மூத்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

‘உண்மையைச் சொல்லணும்னா, நானே ஒரு நாளும் கேட்டதில்ல.’

சலூன் சொன்னது, டீக்கடை சொன்னது, டாக்சி சொன்னது. மூத்தவர் மெல்லத் திரும்பிக் குளிர்பெட்டியைப் பார்த்தார். தம்பி முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் சட்டைப் பித்தான்களைப் பார்த்தார்.

தலைவர் போனை எடுத்து நிலையத்துக்கு அடித்தார். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. நேரலை ஓடும்போது நிலையத்தில் யாரும் போனைத் தொடக் கூடாது என்று அங்கே சுவரில் ஒரு நோட்டீஸ் உண்டு. அதில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

“அணைக்கச் சொல்லுங்க சார், உடனே,” என்று தலைவர் மூத்தவரின் காதருகே படபடத்தார்.

“நீங்க கிளம்புங்க” என்றார் மூத்தவர்.

“சார், நான் உங்க நல்லதுக்குத்தான்...”

“தகரம் தட்டறவங்களோட இருந்தவன் என் தம்பி. கிளம்புங்க.”

அதுவும் தெரு முழுக்கக் கேட்டது. செருப்பை மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டு தலைவர் இறங்கிப் போனார். சலூன் வாசலைத் தாண்டும்போது தலை நிமிரவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் செத்துக் கிடக்கும் வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கலாமா? சிரித்தாள். இதைச் சொன்னால் வீட்டை இரண்டாக்கும்படி சிரிக்கிறவன் ஒருவன்தான், அவனிடம் சொல்ல முடியாது என்று உறைத்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னல் கட்டையிலிருந்து மைக்கை எடுத்து, ஸ்டாண்டில் மாட்டி, முகம் கழுவிவிட்டு வந்த பாட்டுக்காரியின் முன்னால் வைத்தாள்.

“பாடு.”

பாட்டுக்காரி பாடினாள். கல்லில் மீன் செதில் தேய்ப்பது மாதிரிக் குரல். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் தினமும் படியேறிப் பாத்திரம் தேய்க்கப் போகும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. ஏழாவது மாடி போனதும் கீழே தெரியும் ஊரைப் பார்த்து, ‘உங்களுக்கெல்லாம் மேலேதான்டா நான்’ என்கிறாள். நடுவில் ஒரு சரணம் இழுவை, வெட்டிவிடு என்று ஒயர் ஒத்திகையில் சண்டையே போட்டிருந்தான். அந்தச் சரணத்தை இன்றைக்கு அவள் இரண்டு தரம் பாடினாள். குளிர்பெட்டி கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மர் அதோடு ஒத்துப்போகிற மாதிரி தாளத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டான்.

மூன்றாவது பாட்டில் ஸ்டாண்டின் மரை வழுக்கிவிட்டது. மைக் கழுத்தொடிந்தாற்போல் மெல்லத் தாழ்ந்தது. பாட்டுக்காரி பாடிக்கொண்டே குனிந்தாள், இன்னும் குனிந்தாள். டிரம்மருக்குக் கை ஓயவில்லை. ஒயரின் மனைவி ஒலிபரப்புப் பெட்டிக்கு அருகில் சத்தத்தின் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள், விட்டுவிட்டு வர முடியாது. மூத்தவர்தான் நாலு எட்டில் வந்து மைக்கைப் பிடித்துத் தூக்கினார். எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை. அவளைப் பார்த்தார். அவள் விரல்களால் ஒரு சாண் காட்டினாள். தலையாட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

வண்டி முன்னதாகவே வந்துவிட்டது. நேரம் சொல்லி வரச் சொன்னவர் மூத்தவர்தான். டிரைவர் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். மூத்தவர் மைக்கை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பி, ஜன்னல் வழியாக ஒரு முறை முறைத்தார். அதற்குப் பிறகு ஹாரன் சத்தம் வரவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. முடிந்ததும் அடுத்த வாரம் யார் என்று சொல்ல வேண்டும். அதை எப்போதும் ஒயர்தான் சொல்வான். அவள் எழுந்து வந்து மூத்தவரின் கையில் இருந்த மைக்குக்கு நேராக நின்றாள். செருமிக்கொண்டாள். அதுவும் ஊருக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

“அடுத்த சனிக்கிழமையும் மூணு மணிக்கு நேரலை உண்டு. யார் வருவாங்கன்னு இப்போ எனக்குத் தெரியாது. வாசிக்கத் தெரிஞ்சவங்க லாண்டரிக் கடைக்கு வந்து சொல்லுங்க. நான் அங்கேதான் இருப்பேன்.”

ஒலிபரப்புப் பெட்டியில் எரிந்த விளக்கு அணைந்தது. டிரம்மர் எழுந்து வந்து, தூக்குவதற்குக் குளிர்பெட்டியின் தலைப் பக்கம் நின்றான். பாட்டுக்காரி கால் பக்கம் போனாள். நாற்காலிகளில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மூத்தவர் மட்டும் கூடத்தின் நடுவே, யாரும் இல்லாத இடத்தை நோக்கி ஒரு சாண் தள்ளி மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட அந்தக் கையை அசைக்கவில்லை. லைன் போய்விட்டது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.